கல்யாணத்துக்குப் பிறகு பாஸ்போர்ட்: அப்பா பெயரா, கணவர் பெயரா?

பாஸ்போர்ட் பற்றிய சந்தேகங்களை எழுதும்படி கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை பெண்களுடையவை. சுற்றிச் சுற்றி ஒரே இடத்துக்குத்தான் வருகின்றன. பெயர் தொடர்பான அந்தக் கேள்விகளுக்கு மட்டும் இந்த இதழில் பதில். கட்டணமும் நடைமுறையும் இந்தியாவுக்குள் விண்ணப்பிப்பவர்களுக்கானவை.

கேள்வி: திருமணமாகி மூன்று மாதம் ஆகிறது. இதுவரை பாஸ்போர்ட் எடுத்ததில்லை. ஆதார், பான், டிகிரி எல்லாமே அப்பா இனிஷியலில் இருக்கின்றன. "இனிமேல் எடுக்கப்போவதைப் புருஷன் பேரிலேயே எடுத்துடு, அதுதான் சட்டம்" என்கிறார் மாமியார். அப்படி ஒரு சட்டம் உண்டா? — வாசகி, திண்டுக்கல்

பதில்: கிடையாது. திருமணமானதும் பெண் பெயரை மாற்றியாக வேண்டும் என்று இந்தியாவில் எந்தச் சட்டமும் சொல்லவில்லை. பாஸ்போர்ட் சட்டமும் விதிகளும் அப்படிக் கேட்கவில்லை. திருமணப் பதிவுச் சான்றிதழும் உங்கள் பெயரை மாற்றித் தருவதில்லை. இன்னாருக்கும் இன்னாருக்கும் இன்ன தேதியில் மணம் நடந்தது என்பதற்கு அது அத்தாட்சி, அவ்வளவுதான். அதை வைத்துப் பெயரை மாற்றிக்கொள்ளவும் செய்யலாம், சும்மாவும் இருக்கலாம்.

நம் ஊரில் இந்தக் குழப்பம் அதிகமாக வருவதற்கு இனிஷியல்தான் காரணம். பாஸ்போர்ட் படிவத்தில் 'கிவன் நேம்' (சொந்தப் பெயர்), 'சர்நேம்' (குடும்பப் பெயர்) என்று இரண்டே கட்டங்கள். இனிஷியலுக்கு இடமில்லை, விரித்துத்தான் எழுத வேண்டும். ஆகவே 'எம். கயல்விழி' என்பவர் கிவன் நேமில் கயல்விழி, சர்நேமில் மீனாட்சிசுந்தரம் என்று எழுதுவார். மீனாட்சிசுந்தரம் அவருடைய குடும்பப் பெயர் அல்ல, அப்பாவின் சொந்தப் பெயர்.

இப்போது கயல்விழியின் கணவரைப் பாருங்கள். அவர் பெயர் திருநாவுக்கரசு, அவருடைய அப்பா வேலாயுதம். எனவே அவர் பாஸ்போர்ட்டில் சர்நேம் வேலாயுதம். கயல்விழி கணவர் பெயருக்கு மாறினால் அவருடைய சர்நேம் திருநாவுக்கரசு என்று ஆகும். இத்தனைக்குப் பிறகும் கணவன், மனைவி இருவருடைய சர்நேமும் வேறு வேறாகத்தான் நிற்கும்! வடக்கே ஷர்மா வீட்டுக்குப் போகும் பெண் ஷர்மா ஆனால் வீட்டில் எல்லோருக்கும் ஒரே சர்நேம். வெளிநாட்டு அலுவலரும் பார்த்ததும் ஒரே குடும்பம் என்று எடுத்துக்கொள்வார். நம்முடைய முறையில் அந்த லாபம்கூடக் கிடைப்பதில்லை. செலவும் அலைச்சலும் மட்டும் மிஞ்சும். மலேசியத் தமிழ்ப் பெண்களின் பாஸ்போர்ட்டில் கல்யாணத்துக்கு முன்னும் பின்னும் 'இன்னாருடைய மகள்' என்றுதான் இருக்கிறது. அவர்கள் குடும்பம் நடத்தாமலா இருக்கிறார்கள்?

எங்கள் கருத்து: உங்கள் ஆவணங்கள் அனைத்தும் அப்பா இனிஷியலில் இருப்பதால் அதே பெயரில் எடுங்கள். பத்தாம் வகுப்புச் சான்றிதழிலோ பிறப்புச் சான்றிதழிலோ அப்பா பெயர் முழுதாக இருந்தால் இனிஷியலை விரிப்பதற்கு அதுவே ஆதாரம்.

ஒன்றை மட்டும் மறைக்காதீர்கள். பெயர் பழையதுதானே என்று 'திருமணமாகாதவர்' என்று குறித்துவிடுகிறவர்கள் உண்டு. பெயர் வேறு, மணநிலை வேறு. 'திருமணமானவர்' என்று குறித்து, கணவர் பெயர் கட்டத்தில் அவர் பெயரை எழுதுங்கள். புதிதாக விண்ணப்பிக்கும்போது இதற்குத் திருமணச் சான்றிதழ் கட்டாயம் இல்லை என்று 2016 டிசம்பரிலேயே விதியைத் தளர்த்திவிட்டார்கள். தெரிந்தே பொய்த்தகவல் கொடுத்தால் 1967-ஆம் ஆண்டு பாஸ்போர்ட் சட்டத்தின் 12-ஆவது பிரிவின்படி இரண்டு ஆண்டு வரை சிறையோ, 5,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ உண்டு.

கேள்வி: என் பாஸ்போர்ட் 2031 வரை செல்லும். அப்பா பெயர்தான் சர்நேம். கணவருக்கு சிங்கப்பூரில் வேலை. டிபெண்டன்ட் பாஸ் (அங்கே வேலை செய்பவரின் குடும்பத்தார் தங்குவதற்கான அனுமதி) எடுக்கக் கணவர் பெயருக்கு மாற்றிவிட்டு வரச் சொல்லி டிராவல் ஏஜென்ட் சொல்கிறார். — வாசகி, கோயம்புத்தூர்

பதில்: மாற்ற வேண்டியதில்லை. அங்கே அவர்கள் பார்ப்பது திருமணச் சான்றிதழை. அதில் உள்ள உங்கள் பெயரும் பாஸ்போர்ட்டில் உள்ள பெயரும் ஒத்துப்போக வேண்டும் என்பதுதான் முக்கியம். இப்போது மாற்றினால் சான்றிதழில் ஒரு பெயர், பாஸ்போர்ட்டில் இன்னொரு பெயர் என்று இல்லாத சிக்கலை நீங்களே உண்டாக்கிக்கொள்வீர்கள். சான்றிதழ் தமிழில் மட்டும் இருந்தால் ஆங்கில மொழிபெயர்ப்பு தேவை.

கணவர் பெயரைப் பாஸ்போர்ட்டில் சேர்ப்பது தனி விஷயம். கடைசிப் பக்கத்தில் பெற்றோர் பெயருக்குக் கீழே அதற்கு இடம் இருக்கிறது. அங்கே அவர் பெயர் ஏறுவதால் உங்கள் பெயர் ஓர் எழுத்துகூட மாறாது. ஆனால் இதற்கும் புதுப் புத்தகம்தான் தருவார்கள். பழையதில் எழுதிக் கொடுக்கும் வழக்கம் இல்லை. 36 பக்கப் புத்தகத்துக்கு 1,500 ரூபாய், 60 பக்கத்துக்கு 2,000. சேர்த்துக்கொண்டால் நாளை குழந்தைக்குப் பாஸ்போர்ட் எடுக்கும்போது வசதி. அவசரமில்லையென்றால் 2031-இல் புதுப்பிக்கும்போது சேர்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: நான் யோசித்து முடிவெடுத்துவிட்டேன். கணவர் பெயரைத்தான் சர்நேமாக வைக்கப்போகிறேன். ஏற்கெனவே பாஸ்போர்ட் இருக்கிறது. எதிலிருந்து ஆரம்பிப்பது? — வாசகி, திருநெல்வேலி

பதில்: முடிவு உங்களுடையது, நாங்கள் குறுக்கே நிற்கவில்லை. வரிசை மட்டும் தப்பக் கூடாது.

முதலில் திருமணச் சான்றிதழை எடுத்து, பழைய பாஸ்போர்ட்டின் பக்கத்தில் வைத்து எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். பெரும்பாலான விண்ணப்பங்கள் இங்கேதான் சிக்குகின்றன. சான்றிதழில் 'எம். கயல்விழி', பாஸ்போர்ட்டில் 'கயல்விழி மீனாட்சிசுந்தரம்' என்றால் சமாளிக்கலாம், ஏனென்றால் சான்றிதழிலேயே அப்பா பெயர் தனியாக இருக்கும். ஆனால் ஒன்றில் 'ழ'வுக்கு இசட்-எச் போட்டு, இன்னொன்றில் எல் மட்டும் போட்டிருந்தால் கவுண்டரில் நிறுத்திவிடுவார்கள். அதைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் திருத்திய பிறகே அடுத்த வேலை. இன்னும் பதிவே செய்யாதவர்கள் இணையத்தில் விவரங்களை ஏற்றும்போதே பாஸ்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஆங்கில எழுத்துகளைப் பார்த்துப் பார்த்து அடியுங்கள்.

இரண்டாவது ஆதார். திருமணச் சான்றிதழை வைத்து ஆதார் மையத்தில் பெயரை மாற்றலாம். ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் மாற்ற முடியும். எழுத்துப்பிழை திருத்த ஏற்கெனவே ஒரு தடவை போயிருந்தால் உங்களுக்கு மிச்சம் இருப்பது ஒன்றே ஒன்று. இன்னொன்றையும் கவனியுங்கள்: முகவரி மாற்றப் போகும்போது முகவரி வரியில் கணவர் பெயரைப் போட்டுத் தருவார்கள். அதைப் பார்த்துவிட்டு 'ஆதாரில் பெயர் மாறிவிட்டது' என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். அது முகவரியின் பகுதி. பெயர் வரியில் என்ன இருக்கிறது என்று பாருங்கள்.

மூன்றாவதுதான் பாஸ்போர்ட். இணையதளத்தில் 'புதியது' என்பதைத் தேர்ந்தெடுக்காமல் 'மறுவழங்கல்' (ரீ-இஷ்யூ) என்பதைத் தேர்ந்தெடுங்கள். காரணம் கேட்கும் இடத்தில் 'தனிப்பட்ட விவரங்களில் மாற்றம்'. அதன்கீழே என்னென்ன மாறுகிறது என்று ஒரு பட்டியல் விரியும். சர்நேம், கணவர் பெயர், வீடு மாறியிருந்தால் முகவரி, கையெழுத்தையும் புதுப் பெயரில் போடப்போகிறீர்கள் என்றால் கையெழுத்து என எல்லாவற்றையும் டிக் செய்யுங்கள். கணவர் பெயரை மட்டும் டிக் செய்துவிட்டு உள்ளே சர்நேமையும் மாற்றி எழுதினால் காரணமும் விவரமும் முரண்படும். அதைச் சரிசெய்யவே கவுண்டரில் நேரம் போய்விடும்.

படிவத்தில் இன்னும் இரண்டு கேள்விகள் வரும்: வேறு பெயரில் அறியப்பட்டதுண்டா, எப்போதாவது பெயரை மாற்றியதுண்டா. கல்யாணத்தால் வந்த மாற்றம்தானே என்று 'இல்லை' போடாதீர்கள். பெயர் மாற்றக் கேள்விக்கு 'ஆம்' என்று சொல்லிப் பழைய பெயரை முழுதாக எழுதுங்கள். திருமதி, டாக்டர் போன்ற அடைமொழிகளும் புள்ளிகளும் பெயர்க் கட்டத்துக்குள் வரக் கூடாது.

கையோடு எடுத்துப்போக வேண்டியவை: பழைய பாஸ்போர்ட் அசல், அதன் முதல் இரண்டு, கடைசி இரண்டு பக்கங்களின் நகல், திருமணச் சான்றிதழ் அசலும் நகலும், முகவரிச் சான்று. நகல்களில் நீங்களே கையெழுத்துப் போட்டால் போதும், நோட்டரி வேண்டாம். உங்களுக்கு எது எது தேவை என்பதைத் தளத்திலேயே உள்ள ஆவண ஆலோசகர் பகுதியில் நாலைந்து கேள்விகளுக்குப் பதில் சொல்லித் தெரிந்துகொள்ளலாம். வெளியே டீக்கடைப் பக்கத்தில் மேசை போட்டு உட்கார்ந்திருப்பவர் சொல்வதைவிட அது நம்பகமானது.

விண்ணப்பத்தோடு நேரில் போகும் பாஸ்போர்ட் சேவா கேந்திரத்துக்குள் 'ஏ' கவுண்டரில் ஸ்கேன், புகைப்படம், கைரேகை. திரையில் உங்கள் பெயர் தட்டச்சாகி வருவதைக் காட்டுவார்கள். அந்தத் திரையை அவசரமில்லாமல் படியுங்கள், பிழையைத் திருத்த அதுதான் எளிதான இடம். 'பி'யில் ஆவணச் சரிபார்ப்பு, 'சி'யில் முடிவு. பழைய பாஸ்போர்ட்டை ரத்துசெய்து மூலையை வெட்டித் திருப்பித் தருவார்கள். அந்த நொடியிலிருந்து புதியது ஸ்பீட் போஸ்டில் கைக்கு வரும்வரை நீங்கள் வெளிநாடு போக முடியாது. பயணத் தேதியை வைத்துக்கொண்டு இந்த வேலையில் இறங்காதீர்கள்.

போலீஸ் விசாரணை வைத்தால், நீங்கள் கொடுத்த முகவரியில் நீங்கள் இருக்க வேண்டும். பெங்களூரில் வேலை, முகவரி மட்டும் ஈரோட்டு மாமனார் வீடு என்று கொடுத்துவிட்டால் 'இங்கே வசிக்கவில்லை' என்று அறிக்கை போய்விடும். இருக்கும் ஊரின் முகவரியைக் கொடுங்கள்.

பான், வங்கி, இன்ஷூரன்ஸ் எல்லாம் இதற்குப் பிறகு. பான் கார்டில் கணவர் பெயரைப் போட முயல வேண்டாம்; மணமான பெண்ணுக்கும் அதில் அப்பா பெயர்தான் கேட்பார்கள்.

கேள்வி: யாரையும் விட்டுக்கொடுக்க மனமில்லை. அப்பா பெயர், கணவர் பெயர் இரண்டையும் வைக்கலாமா? நடுவில் கோடு போட்டு? — வாசகி, தஞ்சாவூர்

பதில்: கோடு வேண்டாம்; பெயரில் எழுத்துகள் மட்டுமே இருக்கட்டும். இரண்டையும் வைப்பதற்குத் தடையில்லை, வழக்கமாகக் கிவன் நேமில் உங்கள் பெயரும் அப்பா பெயரும், சர்நேமில் கணவர் பெயரும் என்று எழுதுவார்கள். ஆனால் முடிவெடுக்கும் முன் ஒரு தாளில் ஆங்கில எழுத்துகளை எண்ணிப் பாருங்கள்.

பாஸ்போர்ட்டின் புகைப்படப் பக்கத்தில் அடியில் கணினி படிப்பதற்கென்று இரண்டு வரிகள் இருக்கும். ஒவ்வொன்றிலும் 44 இடங்கள். முதல் வரியில் ஆவண வகைக்கும் நாட்டுக் குறியீட்டுக்கும் 5 இடம் போய்விடும். பெயருக்கு மிஞ்சுவது 39. இது உலகம் முழுவதற்கும் ஒரே அளவு. நம் கயல்விழியை எடுத்துக்கொள்வோம்: திருநாவுக்கரசு 16 எழுத்து, அடுத்து பெயர்களைப் பிரிக்கும் இரண்டு நிரப்புக் குறிகள் (<), கயல்விழி 10, ஒரு நிரப்புக் குறி, மீனாட்சிசுந்தரம் 17. கூட்டினால் 46. அப்பா பெயர் பாதியில் வெட்டுப்படும். மேலே அச்சான பெயர் முழுதாக இருக்கும், கீழே கணினி படிப்பது குறைந்திருக்கும். விமான நிறுவனத்தின் கணினி ஒன்றை எடுத்துக்கொள்ள, விசாப் படிவத்தில் நீங்கள் இன்னொன்றை எழுதியிருக்க, பொருந்தவில்லை என்று கேள்வி வரும். ரவி, குமார் என்று சின்னப் பெயர்களாக இருந்தால் தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: சர்நேம் கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டால் இந்தப் பிரச்சினையே இல்லையே? என் தோழி அப்படித்தான் வைத்திருக்கிறாள். — வாசகி, நாகர்கோவில்

பதில்: விடலாம், இந்திய அரசு ஏற்கும். மற்ற நாடுகள்தான் முகம் சுளிக்கின்றன. 2022 நவம்பர் 21 முதல் ஐக்கிய அரபு அமீரகம், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களைச் சுற்றுலா, விசிட் விசாவில் அனுமதிப்பதில்லை என்று விமான நிறுவனங்களுக்கு அறிவித்தது. பாஸ்போர்ட்டின் இன்னொரு பக்கத்தில் தந்தை பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் ஏற்கலாம் என்ற தளர்வு பிறகு வந்தது. ஆனாலும் செக்-இன் கவுண்டரில் நின்றுகொண்டு தளர்வை விளக்குவது யாருக்கும் பிடித்த வேலை அல்ல. அமெரிக்க விசாவில் இருக்கும் ஒரே பெயரைச் சர்நேமாக எடுத்துக்கொண்டு, கிவன் நேமில் 'எஃப்-என்-யூ' என்று போட்டுவிடுவார்கள், முதற்பெயர் தெரியவில்லை என்று பொருள். அங்கே போனதும் ஓட்டுநர் உரிமம், வங்கிக் கணக்கு எல்லாவற்றிலும் அது உங்கள் பெயராக ஒட்டிக்கொள்ளும்.

உங்கள் தோழி ஒருமுறை மறுவழங்கலுக்குப் போய்ச் சர்நேமைச் சேர்த்துக்கொள்வது நல்லது. அப்பா பெயரைச் சேர்ப்பது சுலபம், அது ஏற்கெனவே அதே பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் இருக்கிறது. பள்ளிச் சான்றிதழ் துணைக்கு இருக்கட்டும்.

கேள்வி: தேனிலவுக்குத் தாய்லாந்து டிக்கெட்டை என் பெயரோடு கணவர் பெயரைச் சேர்த்துப் போட்டுவிட்டார்கள். பாஸ்போர்ட் அப்பா பெயரில். திருமணச் சான்றிதழைக் காட்டினால் விடுவார்களா? — வாசகி, சேலம்

பதில்: அதை நம்பிப் போகாதீர்கள். டிக்கெட்டில் உள்ள பெயரைப் பாஸ்போர்ட்டோடு மட்டும்தான் ஒப்பிடுவார்கள். இன்றே டிக்கெட் போட்ட இடத்தில் சொல்லிப் பெயரைத் திருத்துங்கள். பயண நாள் நெருங்க நெருங்கத் திருத்தம் கஷ்டமாகும். சிலர் ரத்து செய்து புதிதாக எடுக்கச் சொல்வார்கள். டிக்கெட்டுக்காகப் பாஸ்போர்ட்டை மாற்றப் போகாதீர்கள்.

கேள்வி: பழைய பாஸ்போர்ட்டில் பத்தாண்டு அமெரிக்க விசா இருக்கிறது, இன்னும் ஆறு ஆண்டு மீதி. கணவர் பெயருக்கு மாறினால் விசா போய்விடுமா? — வாசகி, சென்னை

பதில்: பாஸ்போர்ட் ரத்தானதாலேயே விசா ரத்தாவதில்லை. பழையதையும் புதியதையும் சேர்த்து எடுத்துப்போகும் வழக்கம் உண்டு. மூலையை வெட்டும்போது விசாப் பக்கம் சேதமாகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆனால் பெயரே மாறும்போது, புதுப் பெயரில் புது விசா எடுத்துக்கொள்வதையே அமெரிக்க வெளியுறவுத்துறை பரிந்துரைக்கிறது. அதாவது கட்டணம், நேர்காணல் தேதிக்கான காத்திருப்பு எல்லாம் மறுபடியும். ஆறு ஆண்டு மிச்சமிருக்கும் விசாவை வைத்துக்கொண்டு பெயரை மாற்றுவதில் எங்களுக்கு அர்த்தம் தெரியவில்லை. மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால் திருமணச் சான்றிதழின் நகலைப் பயணத்தில் வைத்திருங்கள். அடுத்த விசாப் படிவத்தில் 'வேறு பெயர்கள்' என்ற கேள்விக்குப் பிறந்த வீட்டுப் பெயரைக் கட்டாயம் குறிப்பிடுங்கள். ஏதாவது விசா விண்ணப்பம் பாதியில் நிற்கும்போது மட்டும் பாஸ்போர்ட்டைத் தொடவே கூடாது.

கேள்வி: எங்களுக்கு 2014-இல் கோயிலில் திருமணம். பதிவு செய்யவில்லை. மனைவியின் பாஸ்போர்ட்டில் என் பெயரைச் சேர்க்க வேண்டும். கணவருக்கு, அதாவது எனக்கு, இப்போது துபாயில் வேலை. குடும்ப விசா எடுக்கும் எண்ணம் உண்டு. — வாசகர், ராமநாதபுரம்

பதில்: பாஸ்போர்ட்டில் கணவர் பெயரைச் சேர்க்க, திருமணச் சான்றிதழுக்குப் பதிலாகத் தம்பதியின் கூட்டுப் புகைப்படம் ஒட்டி இருவரும் கையெழுத்திட்ட உறுதிமொழியைக் கொடுக்கும் வழி இருக்கிறது. மாதிரிப் படிவம் தளத்திலேயே கிடைக்கும். ஆனால் அமீரகக் குடும்ப விசாவுக்கு அது செல்லாது, அங்கே சான்றிதழ்தான் கேட்பார்கள். எப்படியும் வேண்டும் என்பதால் அதையே முதலில் வாங்கிவிடுங்கள்.

தமிழ்நாட்டில் 2009-ஆம் ஆண்டுத் திருமணப் பதிவுச் சட்டப்படி எந்த மதத்தவரானாலும் 90 நாளுக்குள் பதிய வேண்டும். தாமதக் கட்டணத்தோடு இன்னும் 60 நாள் உண்டு. அந்தக் கெடு உங்களுக்கு எப்போதோ கடந்துவிட்டது. இந்துக்கள் என்றால் சார்பதிவாளர் அலுவலகத்தில் இந்துத் திருமணச் சட்டத்தின்கீழ் பதியலாம். அழைப்பிதழ், கோயில் ரசீது, புகைப்படம், வயது மற்றும் முகவரிச் சான்றுகள், சாட்சிகள் தேவைப்படும். மற்றவர்களுக்கு 1954-ஆம் ஆண்டுச் சிறப்புத் திருமணச் சட்டம். அதில் 30 நாள் அறிவிப்புக் காலம் உண்டு, விடுமுறையில் வந்து ஒரே வாரத்தில் முடிக்கலாம் என்று திட்டமிடாதீர்கள்.

சான்றிதழில் மனைவியின் பெயரை அவர் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுதவையுங்கள். கல்யாணம் ஆகி இவ்வளவு வருஷம் ஆயிற்றே என்று உங்கள் பெயரை அவர் பெயரோடு ஒட்டிவிட்டால் விசாவில் இடிக்கும். பிறகு அட்டெஸ்டேஷன், அதாவது சான்றிதழ் உண்மையானது என்று அதிகாரிகள் முத்திரையிட்டு உறுதிசெய்வது. ஒரு நாட்டின் ஒற்றை முத்திரையை மற்ற நாடுகள் ஏற்கும் அப்போஸ்டில் உடன்படிக்கையில் அமீரகம் இல்லாததால் அப்போஸ்டில் முத்திரை மட்டும் போதாது. மாநில அரசு, வெளியுறவு அமைச்சகம், அமீரகத் தூதரகம் என்று படிப்படியாக முத்திரை வாங்க வேண்டும்.

கேள்வி: பி.எஸ்சி. நர்சிங் முடித்திருக்கிறேன். சான்றிதழ்கள் எல்லாம் அப்பா இனிஷியல். பாஸ்போர்ட்டைக் கணவர் பெயருக்கு மாற்றினால் வளைகுடா வேலைக்குச் சிக்கலா? — வாசகி, கன்னியாகுமரி

பதில்: வேலையே போய்விடாது, வேலை கூடும். பல்கலைக்கழகம் கல்யாணத்துக்காகப் பட்டத்தில் பெயரை மாற்றித் தராது. நர்சிங் கவுன்சில் பதிவும் அனுபவச் சான்றிதழும் பழைய பெயரில்தான் நிற்கும். வளைகுடா நாடுகளில் உரிமத்துக்கு முன் ஒவ்வொரு சான்றிதழையும் அது வழங்கப்பட்ட இடத்திலேயே கேட்டுச் சரிபார்ப்பார்கள். அப்போதெல்லாம் பெயர் ஏன் வேறு என்பதற்குத் திருமணச் சான்றிதழை இணைத்துக்கொண்டே இருக்க வேண்டும். படிப்பை வைத்து வெளிநாடு போகிறவர்கள் சான்றிதழில் உள்ள பெயரோடு இருப்பதே நல்லது.

கேள்வி: கணவர் பெயரைச் சர்நேமாக வைத்துப் பாஸ்போர்ட் எடுத்திருந்தேன். விவாகரத்து வழக்கு நடக்கிறது. இப்போதே அப்பா பெயருக்குத் திரும்ப முடியுமா? — பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கரூர்

பதில்: தீர்ப்பு வந்த பிறகு சுலபம். நீதிமன்றம் தரும் சான்றிட்ட தீர்ப்பு நகலை வைத்து மறுவழங்கலுக்கு விண்ணப்பித்தால் சர்நேமும் மாறும், கடைசிப் பக்கத்தில் கணவர் பெயரும் போகும். விவாகரத்தானவர் முன்னாள் கணவர் பெயரைக் குறிப்பிடத் தேவையில்லை என்பதும் 2016-இல் வந்த தளர்வுதான். ஜெராக்ஸ் போதாது, நகல் பிரிவில் விண்ணப்பித்து, முத்திரையிட்ட நகலாக இரண்டு மூன்று வாங்கிவையுங்கள். வங்கிக்கும் ஆதாருக்கும் அதே நகல் வேண்டியிருக்கும்.

வழக்கு முடியும்வரை நீங்கள் சட்டப்படி மணமானவர்தான். கணவர் பெயரை நீக்கச் சொன்னால் தீர்ப்பைக் கேட்பார்கள். அதுவரை இருக்கும் பாஸ்போர்ட் செல்லும்; அதை வைத்துப் பயணம் செய்யலாம். படிவத்தில் குற்ற வழக்கு நிலுவையில் உள்ளதா என்ற கேள்வியைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். விவாகரத்து மனு உரிமையியல் வழக்கு, அது இந்தக் கேள்விக்குள் வராது. உங்கள் மீதே யாராவது குற்றப் புகார் கொடுத்து அது நீதிமன்றத்துக்குப் போயிருந்தால் கதை வேறு. அப்போது வழக்கறிஞரைக் கேட்காமல் படிவத்தை நிரப்பாதீர்கள்.

மறுமணம் செய்துகொள்பவர்களுக்கும் ஒரு வரி: புதுக் கணவர் பெயரைச் சேர்க்கும்போது முந்தைய மணம் முடிந்ததற்கான ஆதாரமும் வேண்டும். விவாகரத்துத் தீர்ப்பு, அல்லது முதல் கணவரின் இறப்புச் சான்றிதழ்.

கேள்வி: கல்யாணத்துக்குப் பிறகு என் பெயரையே கணவர் வீட்டில் மாற்றிவிட்டார்கள். எல்லோரும் புதுப் பெயரில்தான் கூப்பிடுகிறார்கள். திருமணச் சான்றிதழை வைத்து அதையும் மாற்றலாமா? — வாசகி, வேலூர்

பதில்: முடியாது. திருமணச் சான்றிதழ் சர்நேம் மாற்றத்துக்குத்தான் கைகொடுக்கும். உங்கள் சொந்தப் பெயர் மாறுவது முழுப் பெயர் மாற்றம். அதற்கு உறுதிமொழிப் பத்திரம், நாளிதழ் விளம்பரங்கள் அல்லது அரசிதழ் அறிவிப்பு வேண்டும். அரசிதழில் வந்துவிட்டால் வங்கி முதல் பள்ளி வரை எங்கும் அதைக் காட்டலாம் என்பதால் அந்த வழியே நல்லது. வீட்டில் கூப்பிடும் பெயருக்காக இவ்வளவு தூரம் போக வேண்டுமா என்பதை மட்டும் யோசித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: மகன் பிறப்புச் சான்றிதழில் என் பெயரோடு கணவர் பெயரைச் சேர்த்து எழுதிவிட்டார்கள். என் பாஸ்போர்ட்டில் அப்பா பெயர். மகனுக்குப் பாஸ்போர்ட் எடுக்கும்போது இடிக்குமா? — வாசகி, மதுரை

பதில்: இடிக்க வாய்ப்புண்டு. குழந்தையின் படிவத்தில் அம்மா பெயர் கேட்பார்கள், அதைப் பிறப்புச் சான்றிதழோடும் உங்கள் பாஸ்போர்ட்டோடும் பொருத்திப் பார்ப்பார்கள். ஆஸ்பத்திரியில் பிரசவத்துக்குச் சேர்க்கும்போது பதிவேட்டில் எழுதும் பெயர்தான் பிறப்புப் பதிவுக்கும் போகிறது. வலியோடு நிற்பவரைக் கேட்காமல் கூட வந்தவர் சொன்னதை எழுதிக்கொள்வதால் வரும் வினை இது. பிரசவ தேதி நெருங்கியிருக்கும் வாசகிகள் ஆதார் நகலைக் கோப்பில் வைத்துக் கொடுங்கள்; அதில் உள்ளபடி எழுதச் சொல்லுங்கள்.

உங்களுக்கு இப்போது இருக்கும் வழி, பிறப்பைப் பதிந்த உள்ளாட்சி அலுவலகத்தில் அம்மா பெயரைத் திருத்துவது. உங்கள் பாஸ்போர்ட், ஆதார், திருமணச் சான்றிதழ் நகல்களோடு மனு கொடுங்கள். ஒரு சான்றிதழுக்காக உங்கள் பாஸ்போர்ட், ஆதார், வங்கிக் கணக்கு அத்தனையையும் மாற்றுவதைவிட அந்த ஒன்றைத் திருத்துவது மேல். குழந்தையின் படிவத்தில் இருவர் சம்மதமும் கேட்பார்கள். கணவர் வெளிநாட்டில் இருந்தால் அவர் கையெழுத்திட்ட உறுதிமொழியை முன்னதாகவே வரவழைத்து வைத்துக்கொள்ளுங்கள். பையனுக்குச் சர்நேம் என்ன வைப்பது என்று தனியாகக் கேட்டிருக்கிறீர்கள்: கணவரின் சொந்தப் பெயரை வையுங்கள், பள்ளியிலும் அதே இனிஷியலைக் கொடுங்கள்.